பதினோராவது நாற்காலி

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் இருந்தவர்கள்:

தலைமை இயக்குநர் இன்ஜினியர் அனிபால் பெரோகல். எதில் இன்ஜினியர் என்று யாரும் கேட்டதில்லை.
நம்பிக்கைத் துறைத் தலைவர், உளவியல் நிபுணர் மரூகா தஃபுர்.
பயிற்சியாளர் ரோமுலோ. எல்லாருக்கும் வாத்தியார்.
விளம்பரப் பொறுப்பாளர் ஃபாப்ரீசியோ. இயக்குநரின் அக்காள் மகன்.
குறிப்பெழுதும் செயலாளர் எல்வா.
ஆட்டக்காரர்கள் ஐவர்: கேப்டன் இதாலோ, யெர்சன், கார்தெனாஸ் சகோதரர்கள் இருவர், பெர்சி யோந்தோப்.
உளவாளி ஒருவர். பெயர் இன்னும் தெரியவில்லை.
ஆக மொத்தம் பதினொருவர்.

எல்வா இதை வாசித்து முடித்ததும் பெர்சி தலைகளை எண்ணிப் பார்த்தான். பத்து. நாற்காலிகளை எண்ணினான். பதினொன்று. சன்னல் ஓரமாக ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள்.

“மேடம், பத்துப் பேர்தானே இருக்கோம்?”

தஃபுர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அப்ப உளவாளி இன்னைக்கு வரலைங்கறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வரலைன்னு சொல்லல மேடம். அவர் எங்க அஞ்சு பேர்ல ஒருத்தர்னா, அவரை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க.”

“உளவாளிக்கு ரெண்டு முகம் உண்டு, யோந்தோப்.”

எல்வா அதையும் எழுதிக்கொண்டார். கேப்டன் இதாலோ மேசைக்கடியில் பெர்சியின் காலை உதைத்தான். “வாயை மூடுடா சிக்லாயோ. உன்னால எல்லாருக்கும் லேட்டாகுது.”

சிக்லாயோ பெர்சியின் ஊர். அங்கிருந்து பஸ் ஏறி லீமாவுக்கு வந்து, சான் மிகேலில் இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கயினாசோ மின்விளையாட்டுக் கழகத்தின் மாற்று ஆட்டக்காரனாக இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தான். கயினாசோ என்றால் கூரைகளில் உட்கார்ந்து குப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கருங்கழுகு. விளம்பரப் படத்தில் அதற்குப் பதிலாக வல்லூறு போட்டிருந்தார்கள். போன மாதம் பழைய ஆட்டக்காரனுக்கு மணிக்கட்டு வீங்கிப்போனதால் பெர்சிக்கு இடம் கிடைத்தது. சனிக்கிழமை இணையவழித் தகுதிச் சுற்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கழகம் ஐந்து பெயர்களைப் போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கத்தான் பெர்சி செவிலியர் படிப்பை மூன்றாவது வருடத்தில் விட்டிருந்தான். “இந்த லிஸ்ட்லயும் உன் பேரு இல்லைன்னா, உங்க அண்ணனோட மோட்டோடாக்சி சும்மாதான் நிக்குது, வந்து ஓட்டு” என்று அப்பா தொலைபேசியில் சொல்லிவிட்டார். தங்கை அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள்.

ஆட்டம் இதுதான். ஐவர் ஒருபுறம், ஐவர் மறுபுறம். நடுவில் ஆறு, சுற்றிலும் இருட்டுக் காடு, இரண்டு மூலையிலும் கோட்டை. எதிரியின் கோட்டையை உடைக்க வேண்டும். யெர்சன் வெட்டுவான், இதாலோ கத்துவான். பெர்சியின் வேலை விளக்கு வைப்பது. எதிரி நடமாடும் இருட்டில் போய்ச் சின்ன விளக்குகளை நட்டுவிட்டு வருவான். அந்த வெளிச்சத்தில் மற்ற நால்வரும் எதிரியைப் பார்த்துக் கொல்வார்கள். விளக்கு வைத்தவனுக்கு இதுவரை எந்த ரசிகரும் கடிதம் எழுதியதில்லை.

பயிற்சிக்கு எதிரி வேண்டும். சிக்கல் அங்கேதான். இன்று பயிற்சியில் எதிரே இருப்பவன் சனிக்கிழமை போட்டியிலும் எதிரே வரலாம். ஆகவே இந்தத் தொழிலில் எல்லாரும் பெயரை மறைத்துக்கொண்டுதான் பயிற்சி செய்வார்கள். கயினாசோவுக்கு மூன்று வாரமாகக் கிடைத்திருந்த எதிரியின் பெயர் ‘அணி எக்ஸ்’. அந்த அணி எக்ஸுக்குக் கயினாசோவின் திட்டங்கள் எல்லாம் தெரிந்திருந்தன. இவர்கள் இடப்பக்கம் போனால் அங்கே ஏற்கெனவே நின்றார்கள். ஒளிந்தால் ஒளிந்த இடத்தில் ஒளிந்திருந்தார்கள். யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று முடிவானது.

இன்ஜினியர் பெரோகல் எழுந்து நின்றார்.

“பயிற்சி எதுக்கு? ஜெயிக்கறதுக்கா? அது சின்னப் பசங்க நினைப்பு. நம்ம என்ன பண்றோம்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. அதுக்குத்தான் பயிற்சி. நான் பஸ் கம்பெனி நடத்தினவன். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்னு ஒரு பயணிகிட்டகூடச் சொன்னதில்ல. போட்டிக் கம்பெனிக்காரன் தலைகீழா நின்னு பார்த்தான், கண்டுபிடிக்க முடியல.”

“அந்தக் கம்பெனி இப்ப எங்க சார் இருக்கு?” என்றான் யெர்சன்.

“அதுவும் யாருக்கும் தெரியாது,” என்றார் இயக்குநர், பெருமையாக.

பிறகு உத்தரவைச் சொன்னார். உளவாளி பிடிபடும்வரை பட்டியல் போகாது. வெள்ளி ஐந்து மணியானாலும் போகாது.

பெர்சி காலி நாற்காலியைப் பார்த்தான். எழுந்துபோய் அதில் உட்கார்ந்து, ‘நான்தான், பட்டியலை அனுப்புங்க’ என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அப்போது அனுப்பப்படும் பட்டியலில் அவன் பெயர் இருக்காது.

செவ்வாய்க்கிழமை கைபேசிகள் பறிக்கப்பட்டு, சுட்ட கோழி வாங்கிய அட்டைப்பெட்டியில் போடப்பட்டு, பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. அடுத்து ‘ஏமாற்றுப் பயிற்சி’ தொடங்கியது. உண்மையான திட்டம் எதையும் பயிற்சியில் காட்டக் கூடாது. தப்பான திட்டத்தை மட்டும் காட்ட வேண்டும். அதையும் நம்பும்படி செய்ய வேண்டும்.

ஆட்டம் தொடங்கியதும் கயினாசோ ஐவரும் ஆற்றங்கரையில் போய்ச் சும்மா நின்றார்கள். எதிர்க்கரையில் அணி எக்ஸின் ஐவரும் வந்து சும்மா நின்றார்கள். பத்து நிமிடம் ஆனது. யெர்சன் ஒரு தவளையைக் கொன்றான். அந்தப் பக்கமும் ஒரு தவளை செத்தது.

“அவங்களும் மறைக்கறாங்கடா,” என்றான் இதாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு. “யாரும் அசையாதீங்க.”

நாற்பது நிமிடம் அப்படியே போனது. பாதியில் வெளியே போயிருந்த வாத்தியார் உள்ளே வந்தார். ஏனோ அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்று வாரமாகவே ஒவ்வொரு பயிற்சியிலும் நாலைந்து முறை காணாமல் போவார், திரும்பி வரும்போதெல்லாம் இரைப்பார். திரையைப் பார்த்துக் கை தட்டினார். “பிரமாதம் பசங்களா! மூணு வாரத்துல இதுதான் நல்ல ஆட்டம். ஒண்ணுமே வெளிய போகல.”

அந்த நேரம் சமையலறையில் சமையற்கார அக்கா எடெல்மிரா மஞ்சள் மிளகாய் அரைக்க மிக்சியைப் போட்டார். மின்சாரம் போய்விட்டது. அந்த மிக்சி அடிக்கடி செய்வதுதான். எல்வா ஓடிப்போய் ஃபியூஸ் மாற்றினார். கணினிகள் உயிர்பெற்றபோது திரையில் வழக்கமான அறிவிப்பு வந்தது: மணி இரண்டு முப்பத்தொன்றுக்கு இணைப்பு இழந்தவர்கள். பெர்சி எண்ணினான். எண்ணுவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

“வாத்தியாரே, பத்துப் பேருக்கும் ஒரே நேரத்துல போயிருக்கு. அவங்களுக்கும்.”

“லீமா முழுக்க கரண்டு போயிருக்கும்.”

சன்னலுக்கு வெளியே எதிர்த்த மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

புதன்கிழமை சந்தேகப் படிவம் வந்தது. ஒவ்வொருவரும் தான் சந்தேகப்படும் ஒருவரின் பெயரை எழுதி மடித்துத் தர வேண்டும். கார்தெனாஸ் சகோதரர்கள் ஒருவர் பெயரை ஒருவர் எழுதினார்கள். இதாலோ பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தன் பெயரையே எழுதினான். நேர்மைக்குப் பாராட்டும் உளவுக்கு எச்சரிக்கையும் ஒரே தாளில் பெற்றான். யெர்சன், பெர்சியின் பெயரை எழுதினான்.

“ஏன்டா?” என்றான் பெர்சி.

“மத்தவன் பேருக்கெல்லாம் ஸ்பெல்லிங் தெரியல மச்சான். தப்பா எடுத்துக்காத.”

பெர்சி தன் படிவத்தில் ‘யார் மேலும் சந்தேகமில்லை’ என்று எழுதியிருந்தான். மாலை தஃபுர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அஞ்சு பேர்ல நாலு பேருக்குச் சந்தேகம் இருக்கு. உங்களுக்கு மட்டும் இல்ல. ஏன்?”

“தெரியல மேடம்.”

“உளவாளி யாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சவனுக்குத்தான் சந்தேகம் இருக்காது. அந்தத் தெளிவு ஒரே ஒருத்தனுக்குத்தான் இருக்க முடியும்.” அவர் பக்கத்தைத் திருப்பினார். “ஆட்டத்துல எதிரி இடத்துல அதிக நேரம் இருக்கறது யாரு?”

“நான்தான். விளக்கு வைக்கணும்ல.”

“விளக்கு எதுக்கு?”

“பார்க்கறதுக்கு.”

“யாரு பார்க்கறதுக்கு?”

“நாங்க, மேடம்.”

“வெளிச்சம் ஆளைப் பார்த்தா அடிக்கும்? எதிரியும் அந்த வெளிச்சத்துல பார்க்கலாம்ல?”

“இல்ல மேடம், ஆட்டத்துல அது அப்படி வராது...”

“இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கீங்க.”

விசாரணை முடியும்வரை பெர்சி விளக்கு வைக்கத் தடை. வியாழக்கிழமை அணி முழுவதும் இருட்டில் ஆடியது. யெர்சன் ஒரு மரத்தை மூன்று நிமிடம் வெட்டிக்கொண்டிருந்தான். பெர்சி கை சும்மா இருக்க, காட்டுக்குள் அலைந்தான். ஓரிடத்தில் எதிரே ஓர் உருவம் வந்து முட்டியது. அணி எக்ஸின் விளக்குக்காரன். அவனிடமும் விளக்கு இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொல்வதற்கு இருவரிடமும் ஆயுதம் கிடையாது. எதிரியோடு பேசக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த உருவத்தின் தலைக்கு மேல் ஒரு வரி தோன்றியது:

‘சோறு கருகிடுச்சு.’

மூன்று நொடியில் அழிந்துவிட்டது. பெர்சி மூக்கை உறிஞ்சினான். சமையலறையிலிருந்து கருகல் வாசனை வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை ‘இன்னைக்குப் பருப்பு’ என்று அவன் சொல்லியிருந்தால் அது ஆதாரமாகாது. திங்களன்று நாடு முழுவதும் வழக்கப்படி பருப்புதான். ஆனால் வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குக் கருகுகிற சோறு நாடு முழுவதும் கருகாது.

எடெல்மிரா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பெர்சி அடுக்கை எண்ணினான்.

“அக்கா, பன்னிரண்டு தட்டு இருக்கு. நாங்க அஞ்சு, வாத்தியார் ஒண்ணு. ஆறுதானே?”

“வாத்தியார் ரெண்டு தடவை சாப்பிடுவாரு ராசா.”

“அப்பவும் ஏழுதான்.”

எடெல்மிரா குழாயை மூடினார். “நான் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். மேல் மாடியில யாரும் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க. அதை நானா போய்ச் சொல்லக் கூடாது, யாராச்சும் கேட்டாத்தான் சொல்லணும்னாங்க. நீ கேக்கறியா?”

“கேக்கறேன்.”

“மேல் மாடியில யாரும் இல்ல,” என்றார் எடெல்மிரா. “போறப்ப இந்த உப்பைக் குடுத்துரு. காலைல இருந்து கேட்டுட்டிருக்காங்க.”

நான்காம் மாடிக் கதவில் பல் மருத்துவமனை என்று பலகை இருந்தது. மூன்று வாரமாக அங்கிருந்து அவ்வப்போது அலறல் கேட்கும். பல் பிடுங்குகிறார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெர்சி தட்டினான். வெள்ளெலி மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவன் கதவைக் கால்வாசி திறந்தான். கயினாசோ சட்டை போட்டிருந்தான்.

“உப்பு,” என்றான் பெர்சி.

“நீ யாரு?”

“கீழ் மாடி.”

“கீழ் மாடியா? அது பல் டாக்டர்ல?” அவன் பெர்சியின் சட்டையைப் பார்த்தான். அதிலும் வல்லூறு.

“சோறு கருகிடுச்சுன்னு எழுதினது நீதானா?” என்றான் பெர்சி.

“நில்தன்.” அவன் கை நீட்டினான். “என் விளக்கையும் புடுங்கிட்டாங்கப்பா. உளவாளின்னு.”

உள்ளே அதே ஐந்து கணினிகள், அதே சுட்ட கோழிப் பெட்டி, அதே அரக்கு முத்திரை. சுவரில் வாத்தியாரின் கையெழுத்தில் ரகசியத் திட்டம் ஒட்டியிருந்தது. கீழே ஒட்டியிருந்ததும் அதேதான். எழுத்துப் பிழைகூட ஒன்றுதான்.

“உங்க வாத்தியார் யாரு?”

“ரோமுலோ. நல்ல மனுஷன். ஆனா ஆஸ்துமா போல, எப்பவும் இரைக்கும்.”

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்குக் கூட்டம் கூடியது. இருந்தவர்கள் திங்கட்கிழமை இருந்த அதே பதினொருவர். பெர்சி எழுந்தான். அவனுக்கு யாரையும் அவமானப்படுத்தும் எண்ணமில்லை. உளவாளி இல்லை என்று காட்டிவிட்டால் பட்டியல் போகும். அவ்வளவுதான் கணக்கு. தட்டுகளைச் சொன்னான், மிக்சியைச் சொன்னான், கருகிய சோற்றைச் சொன்னான், மேல் மாடியைச் சொன்னான்.

“அதனால உளவாளின்னு யாருமே இல்ல சார். வாத்தியார் ஒரே திட்டத்தை ரெண்டு மாடிக்கும் குடுத்திருக்காரு. நாங்க எங்களோடயே ஆடிட்டிருக்கோம்.”

கார்தெனாஸ் சகோதரர்கள் வாயைப் பிளந்தார்கள். வாத்தியார் காலணியைப் பார்த்தார். பெரோகல் மட்டும் கலங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“உண்மை,” என்றார். “வெளிய நம்பகமான எதிரி கிடைக்கல. எல்லாரும் ஜெயிக்கணும்னு வர்றான். அதனால நம்மளே ஒரு எதிரியைத் தயார் பண்ணினோம். கழகத்தோட மிகப்பெரிய ரகசியம் இது. உளவாளி யாருன்னு ரெண்டு மாடியிலயும் தேடினோமே, அப்பகூட இதை நாங்க வெளிய விடல. அந்தக் கட்டுப்பாட்டை யோசிச்சுப் பாருங்க!” பெர்சியின் பக்கம் திரும்பினார். “மேடம், இந்த ரகசியம் அனுமதி இல்லாத ஒருத்தன்கிட்ட போயிருக்கு. அதுக்கு நம்ம விதிப்புத்தகத்துல என்ன பேரு?”

“கசிவு,” என்றார் தஃபுர்.

“கசியவிட்டது யாரு?”

“யோந்தோப்.”

“அப்ப உளவாளி கிடைச்சாச்சு.”

பெர்சியைப் பதினோராவது நாற்காலிக்கு மாறச் சொன்னார்கள். மாறினான். தண்ணீர் பாட்டில் திங்கட்கிழமை வைத்ததுதான். எல்வா குறிப்பைத் திருத்தினார்: ஆக மொத்தம் பத்துப் பேர். முதல்முறையாகக் கணக்குச் சரியாக வந்தது.

“சரி சார், நான் போறேன்,” என்றான் பெர்சி. “நில்தனை இறக்கி அவன் பேரைப் போட்டு அனுப்புங்க. மணி நாலரை.”

“நில்தனுக்கும் தெரியும்,” என்றார் தஃபுர். “அவன் மேல் மாடி முழுக்கச் சொல்லியிருப்பான். நீங்க இப்ப இந்த நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. பத்துப் பேரும் கெட்டுப்போயாச்சு.”

“சார், நாங்க என்ன பண்ணினோம்?” என்றான் இதாலோ. “அவன் சொன்னதை நாங்க சரியா கேக்கவே இல்ல.”

“காதைப் பொத்தியிருக்கணும். கார்தெனாஸ், நீ பொத்தினியா?”

“இல்ல சார்,” என்றார்கள் இருவரும்.

விவாதம் நீண்டது. பெர்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு நாற்பது. நாலு நாற்பத்தெட்டு. நாலு ஐம்பத்திரண்டுக்கு அவனால் முடியவில்லை. “இன்ஜினியர் சார், ஏதோ அஞ்சு பேரைப் போடுங்க. காலியா மட்டும் விட்டுராதீங்க.”

பெரோகல் விரலை உயர்த்தினார். “எல்வா, ரகசியம் அறிய அனுமதி பெற்றவங்க பதிவேட்டை எடு. எத்தனை பேரு?”

எல்வா வாசித்தார். “அனிபால் பெரோகல். மரூகா தஃபுர். ரோமுலோ. ஃபாப்ரீசியோ. எல்வா.” நிறுத்தினார். “அஞ்சு பேர் சார்.”

அந்த ஐந்து பெயர்களையே ஃபாப்ரீசியோ நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினான்.

சனிக்கிழமை காலை பத்து ஆட்டக்காரர்களும் மூன்றாம் மாடி நடையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி அறைக்குள் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. பெர்சியின் பை மடியில் இருந்தது. பஸ் இரண்டு மணிக்கு. எடெல்மிரா பயணத்துக்கு ரொட்டியும் சீஸும் கட்டிக் கொடுத்திருந்தார். அதிகாரிகள் ஐவரும் போட்டிச் சட்டைகளில் வரிசையாக உள்ளே போயிருந்தார்கள். தனியாகத் தைக்க நேரமில்லாததால், ஆட்டக்காரர்களுக்கு அச்சடித்ததையே மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன.

“மேடம், இது எங்க ஆன் பண்றது?”

“என்னைக் கேக்காதீங்க வாத்தியாரே, நீங்கதானே பயிற்சியாளர்!”

“மாமா, நம்ம கோட்டை எந்தப் பக்கம்?”

“யார்கிட்டயும் சொல்லாத!”

“ஆடத் தொடங்கிட்டாங்க,” என்றான் நில்தன். யெர்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனும் இரண்டு வருடம் காத்திருந்தவன்தான்.

பூட்டு திறந்தது. பெரோகல் தலையை நீட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை. நடையை இருபுறமும் பார்த்துவிட்டு வெளியே வந்து, பெர்சியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“யோந்தோப். ஒரே இருட்டா இருக்கு. அந்த விளக்கு... அது எந்த பட்டன்?”

மற்ற ஒன்பது பேரும் பெர்சியைப் பார்த்தார்கள். பெர்சி பையின் வாரைச் சரிசெய்தான்.

“அது ரகசியம், இன்ஜினியர் சார்.”

பெரோகல் அவனையே பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது போலிருந்தது.

“ஒரே வாரத்துல கத்துக்கிட்டியே,” என்று தோளில் தட்டினார். “இப்படி ஒரு பையன் எனக்கு பஸ் கம்பெனியிலயே கிடைச்சதில்ல.”

திரும்பி நடந்தார். சட்டை அவருக்கு இரண்டு அளவு சின்னது. முதுகில் இழுபட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விழுந்து, யோந்தோப் என்று எழுதியிருந்தது. பெர்சி அது உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளேயிருந்து இரண்டு முறை திரும்பியது.